சிவக்காத களிமண்

கரிசல் மண்ணிலிருந்து பிரித்த களிமண்ணை அமிலத்தில் கொதிக்கவைத்துக் கழுவி, உலர்த்தி, வெளுத்த பொடியாக்குவதுதான் சங்கரன்கோவில் கல்லூரி லேபில் என் ஆராய்ச்சி. பொடியின் மேற்பரப்பில் அமிலம் இருந்தால், மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டதும் சிவக்க வேண்டும். செய்த அன்று சிவக்கும். சனிக்கிழமை பார்த்தால் மஞ்சளாகவே கிடக்கும். முதல் வாரம் தப்பு என்னுடையது. பாட்டில் மூடியைச் சரியாகத் திருகாததால் பொடி ஈரம் குடித்துவிட்டது. அன்று லேபிலேயே நின்று அழுதேன். அடுத்த வாரம் இறுக்கி மூடியும் அதே மஞ்சள்!

என்னைத் தவிர அந்தப் பாட்டில்களைத் தொடுகிறவர் லேப் உதவியாளர் அக்கா ஒருவர்தான். தற்காலிக வேலை. விசைத்தறியில் கை போய் வீட்டுக்காரர் முடங்கிவிட்டதால், அக்கா சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் சந்தேகம் விடுமா? பொடியைக் கைதவறிக் கொட்டிவிட்டு, சோப்புத்தூளை அள்ளிப் போட்டு நிரப்புகிறாரோ? மூடிக்கும் பாட்டிலுக்கும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டுவைத்தேன். மூன்றாவது சனிக்கிழமை கோடு நகர்ந்திருந்தது. மாட்டினீர்களா என்று உள்ளுக்குள் குதித்தேன். அடுத்த வாரம் முழுக்க அவர் சிரித்தால்கூட நடிப்பாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் புகார் எழுதித் துறைத்தலைவர் மேசையில் வைத்துவிட்டேன்.

கையும் களவுமாகவே பிடித்துவிடலாம் என்று சாயங்காலம் மறுபடி லேபுக்குப் போனேன். அக்கா பாட்டில்களைத் திறந்து, ஒரு பொட்டலத்திலிருந்து சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னத்தப் போடுதீங்க?" என்று கத்தினேன்.

"கோயில் துண்ணூறு மக்கா. அன்னைக்கு நீ நின்னு அழுதேல்லா, மனசு கேக்கல. வெள்ளிக்கு வெள்ளி கொண்டாந்து போடுதேன். இப்பம் சரியாயிட்டா?"

அடப்பாவமே! திருநீறு சாம்பல். சாம்பல் காரம், அமிலத்தைத் தின்றுவிடும். வெளுத்த பொடிக்குள் கண்ணுக்கும் தெரியாது. கோயில் புற்றுமண்ணைப் போட்டிருந்தால் அந்த வாரமே நிறம் காட்டிக்கொடுத்திருக்கும்.

துறைத்தலைவர் அறைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. திங்கட்கிழமை போனால், கடிதம் ஆபீசுக்குப் போய்விட்டது என்றார்கள். வெட்கத்தில் செத்தேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா ஒரு வெள்ளைத்தாளோடு வந்து என் முன்னால் நின்றார்.

"யாரோ என் மேல எழுதிக் குடுத்துட்டாவ மக்கா. பாட்டில்ல இருந்த பொடியக் கொட்டிட்டேனாம். நான் கொட்டலன்னு நீ எழுதிக் குடு. இல்லன்னா வேல போயிரும்."

எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"அக்கா, அந்தப் புகாரை எழுதினதே நான்தான்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"போடி, வெளையாடாத. நீயாவது எழுதுததாவது! சீக்கிரம் கையெழுத்தப் போடு."