சாரலில் வைத்த வேகம்

எங்கள் வீட்டில் அத்தையின் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த காற்று எனக்குக் கிடைத்ததே இல்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் வீடு. மேற்கு ஜன்னலைத் திறந்தால் ஆனியும் ஆடியும் சாரலோடு மலைக்காற்று சிலுசிலுவென்று வரும். அந்த ஜன்னலை அப்பாவின் தங்கையான அத்தை தன் கம்ப்யூட்டருக்கென்று பிடித்துக்கொண்டாள். மனுசப் பிறவிகளான நாங்கள் கிழக்கு அறையில் புழுங்கிக்கொண்டு கிடந்தோம்.

கட்டப்போகும் வீடு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே படமாகச் செய்து தருவது அத்தையின் வேலை. ஒரு படம் முடிய மணிக்கணக்கில் ஆகும். அதனால் கம்ப்யூட்டரின் பிராசசரை, அதைச் செய்தவர்கள் சொன்ன வேகத்துக்கும் மேலே ஓடும்படி முடுக்கிவிட்டிருந்தாள். ஓவர்கிளாக் என்பாள். வேகம் கூடினால் சூடும் கூடும். சூடு எல்லை மீறினால் திரை நீலமாகி எல்லாம் நின்றுபோகும். பக்கத்து மூடியைக் கழற்றிவைத்து, சூட்டைக் கடத்தும் பசை தடவி, அதைத் தணிக்க இரண்டு கையாலும் பிடிக்கிற பருமனில் ஒரு கூலரை மாட்டி, சாரல் காற்றிலேயே நாள் முழுக்க ஓட்டிப் பார்த்து ஒரு வேகத்தை முடிவு செய்தாள். ஆடி முடியும்வரை அது ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

சாரல் என்ன, அத்தை சம்பளம் கொடுத்து வைத்த ஆளா? ஆவணி பிறந்ததும் போய்விட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த நேரம் பார்த்து இரண்டு காரியங்கள் ஒரே நாளில் வந்து விழுந்தன. வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி அத்தை வேலை கேட்டிருந்த கொச்சி நிறுவனம், மாதிரிக்கு ஒரு பெரிய படம் செய்து சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. அன்றைக்கே நாலு மணிக்குத் திருவேங்கடத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். காலையில் ஓடத் தொடங்கிய படம் இடையில் நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வேகத்தைக் குறைத்தால் ஆறுக்குள் முடியாது. அத்தைக்கு அந்த வேலை எப்படியாவது வேண்டும். மாப்பிள்ளை விஷயத்தில் அப்படி அவசரம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

வீட்டிலிருந்த ஒரே ஸ்டாண்டு ஃபேனைக் கம்ப்யூட்டருக்கு நேராக வைத்தாள். பட்டுப்புடவை சரசரக்க என்னை நாற்காலியில் உட்காரவைத்து, திரை ஓரத்தில் சூட்டைக் காட்டும் எண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"ஏட்டி, இது தொண்ணூறத் தொட்டா என்னையக் கூப்பிடணும். யாரு இருந்தாலும் சரி."

எனக்கு ஏழு வயது. கலெக்டர் உத்தியோகமே கிடைத்த மாதிரி இருந்தது.

அவர்கள் வந்தார்கள். கூடத்து மின்விசிறி சுற்றுகிறதா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் அப்பா பூனை மாதிரி உள்ளே வந்து ஸ்டாண்டு ஃபேனின் பிளக்கைப் பிடுங்கினார். போலீஸ்காரர்; அவரிடம் யார் வாதாடுவது?

"வந்தவுக வேர்த்து வடிஞ்சுக்கிட்டு இருக்காவ. இதுக்கென்ன, வேர்க்கவா செய்யுது?" என்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எண்பத்திரண்டு. எண்பத்தாறு. எண்பத்தொன்பது. தொண்ணூறு! நான் கூடத்துக்கு ஓடினேன். அத்தை காபித் தட்டோடு குனிந்து நிற்கிறாள். எல்லோர் முகத்திலும் மரியாதை வழிகிறது. நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "அத்தே, தொண்ணூறு!"

எத்தனை பவுன் என்ற நகைப் பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா முகம் மலர்ந்ததும் அப்பா முகம் வெளுத்ததும் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை தட்டை அப்பா கையில் திணித்துவிட்டு ஒரே ஓட்டம். மாப்பிள்ளையும் எழுந்தார். தன் அப்பாவுக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார். திருவேங்கடத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தவர் அவர். தொண்ணூறு என்றதும் அவருக்கு மட்டும்தான் புரிந்திருக்கிறது.

உள்ளே வந்தவர் அத்தையைப் பார்க்கவில்லை. ஃபேனைப் போட்டுவிட்டு எண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அது எழுபதுகளுக்கு இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எம்புட்டு ஏத்தி வச்சிருக்கீய?"

அத்தை சொன்னாள். சாரல் காற்றில் பார்த்துவைத்த வேகம் என்றும் சொன்னாள்.

"எங்க ஊரு வெயிலுக்கு இது தாங்காதே."

"அப்பம் உங்க ஊரு எனக்குச் சரிப்படாது," என்றாள் அத்தை, நெற்றியைத் துடைத்துக்கொண்டே. அடேயப்பா! அப்பா காதில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்.

அவர் மூடி கழற்றிய பக்கமாகக் குனிந்து கூலரைப் பார்த்தார். "மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. ஏசி போட்டுருதேன். நீங்க வேகத்தக் கொறைக்க வேண்டாம்."

அத்தை அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

படம் ஆறுக்கு முன்னாலேயே முடிந்து கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. கூடத்தில் அத்தைக்குப் பூ வைத்தார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அழுதேன். ஏசி அறை கம்ப்யூட்டருக்குத்தான் என்பதை என் காதால் கேட்டேனே. அதைக் கொண்டுபோகத்தான் இத்தனை பேர் கிளம்பி வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"கம்ப்யூட்டரக் குடுக்காதீங்கப்பா" என்று நான் ஏங்கி ஏங்கி அழ, கூடமே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்காமல் என்னை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"கழுத, எதுக்கு அழுத? இனிமே மேக்கு ஜன்னல் ஒனக்குத்தாம்ட்டி. காத்து பூராவும் ஒனக்குத்தான்."

அந்தப் பேரம் எனக்குப் பிடித்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரி தின்னப் போனேன். ஜன்னல் காலியானால் அத்தையும் அங்கே இருக்கமாட்டாள் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.