நோவு நின்றுபோன கை

சங்கு குளிக்கப் போகிறவனுக்கு வலது கை விரல்தான் எல்லாம். தூத்துக்குடிக் கடலில் மேலே தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அடியில் ஒருவன் மணலைக் கிளறிவிட்டால் ஒரே கலங்கல். அதற்குப் பிறகு கண்ணாடி போட்டிருந்தும் பிரயோசனம் இல்லை, மணலுக்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டும். கல்லா, வெறும் ஓடா, உயிருள்ள சங்கா என்று விரல் நுனியில் தெரிந்துவிடும். அதனால் எங்கள் படகில் யாரும் வலது கைக்கு உறை போட மாட்டோம். இடது கைக்கு மட்டும் போடுவோம், பாறையைப் பிடிப்பதற்காக.

இன்னொரு பழக்கமும் உண்டு. வாடைக் காற்று அடிக்கிற நாட்களில் முதல் முங்கில் பல் கிட்டிவிடும், விரல் விண் விண்ணென்று தெறிக்கும். ஆனால் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். குளிர்கிறது என்று சொன்னவனைப் படகிலேயே உட்கார வைத்துவிடுவார்கள், அன்றைக்கு அவனுக்குப் பங்கு கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு நாலைந்து தடவை முங்கினால் நோவு விட்டுவிடும். நோவு விட்டால் உடம்பு தண்ணீருக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள், நானும் இருந்தேன்.

இந்த இரண்டு பழக்கத்தையும் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் ஐரோப்பாவின் வடகோடியில் ஒரு துறைமுகத்துக்குப் போனேன். இங்கே சங்கு குறைந்து, கடலுக்குப் போகாத நாட்கள் கூடிப்போன சமயம் அது. அங்கே மீன் இறக்கும் வேலை. படகிலிருந்து வரும் பெட்டிகளைக் கொக்கி மாட்டி இழுத்து மேடையில் அடுக்க வேண்டும். கொஞ்ச காலம் சமாளித்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் சங்கு குளிக்கப் போவது என்பதுதான் என் நினைப்பு. கரையில் நிற்கிற வேலைதானே, அந்தக் கடலில் இறங்கவா போகிறேன் என்று என் மனைவிக்குத் தைரியம் சொன்னதும் நான்தான்.

அறையில் என்னோடு இருந்தவர் காயல்பட்டினத்துக்காரர், வயதில் மூத்தவர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பாதி ஆயுளை வளைகுடாவில் கழித்துவிட்டு அந்தத் துறைமுகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சமையலுக்கு வந்தவர். வெயிலைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வார். குளிரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது என்னைவிட ஒரு மாதம் கூடுதல், அவ்வளவுதான். இரண்டு கால்சட்டைக்கு மேல் சாரத்தையும் கட்டிக்கொண்டு அவர் நிற்கிற கோலத்தைப் பார்த்து நான் சிரிப்பேன். என் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்து, “இத இனி கத்திய வச்சித்தான் வெட்டி எடுக்கணும்” என்று அவர் சிரிப்பார். மத்தியானம் தாண்டியதுமே இருட்டிவிடுகிற ஊரில் எங்களுக்கு இருந்த சிரிப்பு அது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் குளிரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு மேடையில் காற்று கூடுதலாக இருந்தது. பெட்டிகளின் கயிறு விறைத்துக் கம்பியாகி இருந்தது. தடித்த கையுறையோடு முடிச்சு பிடிபடவில்லை. கங்காணி தூரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தான். வலது கை உறையைக் கழற்றிப் பைக்குள் செருகினேன். இரும்புக் கொக்கியைத் தொட்டதும் உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வலி விட்டது. அப்போது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. பழகிவிட்டேன், இனி இந்தக் குளிர் என்னை ஒன்றும் செய்யாது என்று வேலை முடிகிற வரைக்கும் வெறுங்கையோடு முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

அறைக்கு வந்து பார்த்தால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன. மேசையில் தட்டினால் கட்டைச் சத்தம். என் கையைப் பார்த்ததும் காக்காவுக்கு முகம் மாறிவிட்டது. என்னை இழுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

அது மின்சார அடுப்பு. தட்டு சிவந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்து விரல்களை அதற்கு மேலே காட்டினார்.

“சூடு தெரியுதா தம்பி?”

“இல்ல காக்கா.”

“இன்னுங் கொஞ்சம் தாத்துவோம். ரத்தம் ஓடணும்லா.”

தாழ்த்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு மறு கையால் என் விரல்களைத் தேய்த்துவிட்டு மறுபடியும் காட்டினார். ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார். நானும் கையை இழுக்கவில்லை, தெரிந்தால்தானே இழுப்பதற்கு. தோல் தீய்கிற வாடை முதலில் அவருக்குத்தான் பிடிபட்டது. என் கையை உதறிவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். காக்காவுக்கு ஆங்கிலம் வரும், அவர்தான் நடுவில் நின்று பேசினார். அந்தம்மா நிறைய நேரம் விளக்கினார். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பது போல முழங்கையால் சூடு பார்த்து, இப்படி வைத்திருந்தால் போதும் என்று காட்டினார். பிறகு அடுப்பு மேல் கை வைப்பது போலக் காட்டி, கூடவே கூடாது என்று தலையை ஆட்டினார். இதற்கு எந்த மொழியும் வேண்டியதில்லை.

“என்ன காக்கா சொல்லுதாவ?” என்று கேட்டேன்.

காக்கா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “குளிரு தின்னுட்டாம் தம்பி. ஒண்ணுஞ் செய்ய முடியாதாம்.”

அந்த இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

படுக்கையில் கிடந்தபோது எனக்குக் குளிர் மேல் கோபம் இல்லை. முழுக்கவும் அவர் மேல்தான். அடுப்பில் காட்டியதைக்கூட மன்னித்திருப்பேன். தெரியாமல் செய்தது, பாசத்தில் செய்தது. என் முகத்துக்கு நேரே மாற்றிச் சொன்னாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் வரட்டும், நறுக்கென்று கேட்டுவிடுகிறேன் என்று ஒவ்வொரு நாளும் காத்துக் கிடப்பேன். அவர் வேலை முடிந்து, சோற்றைத் துணியில் சுற்றி மடிக்குள் வைத்து, சூடு ஆறாமல் கொண்டுவருவார். பிசைந்து ஊட்டுவார். வாயைத் திறந்து சோற்றை வாங்கிக்கொள்வேன். கேட்க நினைத்தது அப்படியே உள்ளே போய்விடும்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு நாள் படகேறினேன். வேண்டாம் என்று மனைவி அழுதும் கேட்கவில்லை. அடியில் போய் மணலுக்குள் கையை விட்டால், இருக்கிற விரல்களுக்கும் எது கல், எது சங்கு என்று பிடிபடவில்லை. போதாததற்கு வெட்டுப்பட்ட இடம் சுண்டி இழுத்தது. எத்தனை தடவை முங்கியும் அந்த நோவு விடவே இல்லை. வெறுங்கையோடு மேலே வந்தேன். படகுக்கார அண்ணாச்சி என் கையைப் பார்க்காமலே சொன்னார், “ஏலே, நீ மேல நின்னு மத்தவனுக்குக் கயித்தப் பிடி.” இப்போது அதைத்தான் செய்கிறேன்.

போன ரமலான் முடிந்து காக்கா விடுமுறையில் வந்தார். பெருநாளுக்குச் செய்கிற இனிப்பான வட்டலப்பத்தைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மனைவி காப்பி போட உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்.

“டாக்டரம்மா சொன்னத நான் மாத்திச் சொல்லிட்டேன் தம்பி. குளிரு இல்ல. அடுப்புச் சூடுதான்.”

“தெரியும் காக்கா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எப்பலேருந்து?”

“அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சிருந்துமா என் கையால சோறு வாங்கித் தின்ன?”

“அங்கன எனக்கு வேற யாரு இருந்தா?” என்றேன்.

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டை எடுத்துவிட்டு, காட்டு என்பது போலக் கையை நீட்டினார். நல்ல மனுஷன், எனக்காகத் துடித்தவர், எல்லாம் தெரிகிறது. ஆனாலும் என் வலது கையை அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.