ஏரிக்கரை வரைக்கும் போன கம்பி

பட்டாளத்து லாரியில் விஞ்ஞானப் பெட்டிகளை ஏற்றி இறக்குகிற வேலையில் முதலில் பாடம் படிப்பது முதுகு. மூளையின் முறை பிறகுதான் வரும். மூட்டை சுமந்து பிழைத்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹவில்தார் சந்தானத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அரியலூர் ஸ்டேஷனில். ரயில் நகர்ந்த பிறகு தலையை வெளியே நீட்டி, "குரும்பலூர்க் கம்பியச் சுத்தி எடுத்துட்டியாப்பா?" என்று கேட்டார். "எடுத்துட்டேன் சார்" என்றேன். எடுக்கவில்லை.

யுத்த காலம் அது. பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் காட்டப் பட்டாளம் ஒரு லாரி கொடுத்திருந்தது. காந்தம், பாட்டரி, மின்சார மணி, இரண்டு டெலிபோன். ஹவில்தார் பர்மாவில் காலில் குண்டு பட்டுத் திரும்பியவர். பிள்ளைகள் வருகிற வரைக்கும் அவருக்கு இந்த வேலை. வராவிட்டால் லாரி திருச்சிக்குப் போகும், அவர் மறுபடி சண்டைக்குப் போவார். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன நான், பெட்டிகளின் மேல் அவர் எழுதி ஒட்டிய பெயர்களைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிக்கப் பழகினேன்.

நாலு பெஞ்சு

பாடாலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பட்டாளத்து வண்டி என்றால் ஆள் சேர்க்கத்தான் வரும் என்பது ஊரின் முடிவு. லாரிச் சத்தம் கேட்டதும் தாய்மார்கள் ஓடி வந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சோளக்காட்டுக்குள் போய்விட்டார்கள். எட்டு வயதுப் பையனைப் பட்டாளத்தில் வைத்து என்ன செய்வார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஹவில்தாருக்கு முகம் சுண்டிவிட்டது. வாத்தியார் மூக்குப்பொடி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பெஞ்சு நாலு இருக்குங்க. அது ஓடாது. அதுக்கு நடத்திட்டுப் போங்க."

அஞ்சலை பேசியது

குரும்பலூரிலும் பத்துப் பிள்ளைகள்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு டெலிபோன், ஏரிக்கரையில் ஒன்று, நடுவில் மரத்துக்கு மரம் நான் கட்டிய கறுப்புக் கம்பி. நான் கரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேச வேண்டும். அன்று பிள்ளைகளின் குரலுக்குப் பதில் ஒரு அம்மாவின் குரல் வந்தது. ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது, தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, நீ சாப்பிட்டாயா என்றது. நான் டெலிபோனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

நடந்ததை ஹவில்தார் பிறகு சொன்னார். அந்த அம்மா பெயர் அஞ்சலை. பட்டாளத்துக்குப் போன மகனிடமிருந்து ஒரு வருஷமாகக் கடிதம் இல்லை. பட்டாளத்துப் போன் பட்டாளத்துக்குத்தானே போகும் என்று நாற்றங்கால் சேறு காயாத காலோடு வந்துவிட்டார். இது ஏரிக்கரையோடு நின்றுவிடும் என்று ஹவில்தார் தயங்கித் தயங்கிச் சொல்லியும் பேசிவிட்டுத்தான் வைத்தாராம். வைக்கும்போது சொன்னது: "இப்ப ஏரி வரைக்கும் போயிருக்கட்டுங்க. கம்பிய நீட்டுறப்ப மிச்ச தூரம் போய்ச் சேந்துக்கும்."

வராவிட்டாலும்

அதற்குப் பிறகு, தாங்களும் பேச வேண்டும் என்று, தாய்மார்களே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். மகனோ தம்பியோ பட்டாளத்தில் இல்லாத ஊர் எது? சிறுவாச்சூரில் கூப்பிட்டார்கள். நாலு பெஞ்சு வாத்தியாரே ஆள் அனுப்பினார். அஞ்சலை தவறாமல் வந்து பேசுவார் என்பதால் குரும்பலூர்க் கம்பியை நான் அவிழ்ப்பதே இல்லை. ஒரு லாரி போதாமல் போனது. ஊருக்கு ஒரு பெட்டி வைத்துவிட்டு, நடத்தப் பிள்ளைகளையே பழக்கலாம் என்று ஹவில்தார் யோசனை சொன்னார். அது பிரமாதமாக நடந்தது.

மேலதிகாரியான வெள்ளைக்காரர் பார்வையிட வந்தார். ஒரு பத்து வயதுப் பெண் மணியை அடித்துக் காட்டி, பாட்டரியை விளக்கினாள். இனி வண்டி எப்போது வர வேண்டும் என்று அவர் கேட்டார். ஹவில்தார் தமிழில் கேட்டுச் சொல்ல, அவள் பதில் சொன்னாள்: "வராட்டியும் பரவால்லீங்க. நாங்களே பாத்துக்குவோம்."

சரியான விடை

அதை அப்படியே, பெருமையாக, இங்கிலீஷில் சொன்னவரும் ஹவில்தார்தான். பிள்ளைகளே பார்த்துக்கொண்டால் ஹவில்தார் எதற்கு? அந்த மாதமே, மறுபடி சண்டைக்குப் போகச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்துவிட்டது.

அரியலூருக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு ஆற்றாமை. "கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாமே சார்" என்றேன். அவர் காலை நீவிக்கொண்டே சிரித்தார். "அந்தப் புள்ள சரியாத்தானே சொல்லிச்சு. சரியாச் சொன்னதுக்கு எப்படிப்பா தப்புப் போடுறது?"

கம்பி சுற்றப் போனபோது

யுத்தம் முடிந்தது. அஞ்சலையின் மகன் பாதியாக இளைத்து வந்து சேர்ந்தான். ஹவில்தார் வரவில்லை, இனி வரமாட்டார் என்ற செய்திதான் வந்தது. டெலிபோன்களைத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சக் கம்பியையாவது சுற்றி எடுப்போம் என்று குரும்பலூர் போனேன். ஹவில்தார் எங்கே என்று அஞ்சலை கேட்டதற்கு விஷயத்தைச் சொன்னேன்.

அஞ்சலை வந்து, மரத்தில் கட்டியிருந்த கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இன்னிக்கு அவுக்காத தம்பி. அவருக்கும் ரெண்டு வார்த்த சொல்லணும்."

நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை என்று பிள்ளைகள் சொல்லுகிற அளவுக்கு நான் செய்த வேலை அது ஒன்றுதான். அதன் மிச்சமாக அந்தக் கம்பியில் பதினைந்தடி எங்கள் கொல்லையில் துணிக்கொடியாக இருக்கிறது, என் மனைவி போன பிறகு அதில் என் வேட்டி மட்டும் காய்கிறது.