கிராணி அறிந்த கணிதம்

இன்று காலை மலையூரான திரிங்காப்பில், மண் சரிந்த மேட்டைப் பொறியாளராக அளந்துகொண்டிருந்தபோது தைல வாடை வந்தது. திரும்பாமலே தெரிந்தது, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதிய பழைய கிராணி.

பள்ளியில் நான் நான்காம் படிவத்துக்குப் போன ஆண்டு அதே வாடை எங்கள் தொழிலாளர் லயத்து வீட்டை நிறைத்தது. பிள்ளைகள் என்ன படிப்பது என்று கிராணியைக் கேட்டே முடிவு செய்வது தோட்டத்து வழக்கம். எங்களிடம் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்து நெற்றியில் தைலம் தேய்த்தார். அப்பா தன் வீட்டிலேயே நின்றார்.

"பொம்பளப் பிள்ளைக்கு கூடுதல் கணிதம் எதுக்குலா மாணிக்கம்? கொழுந்து கிள்ளவா?"

"ஒங்க மகனும் அதத்தானுங்களே ஐயா எடுக்குறாரு," என்றாள் அம்மா.

"அவன் எனக்கப்புறம் கிராணியா வரணும்லா!"

கணிதம் போய்ச் சேரக்கூடிய உச்சம் தன் பதவிதான் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார். மறுநாள் அப்பா அவருக்குத் தெரியாமல் என்னை அந்த வகுப்பில் சேர்த்தார்.

இப்போது அவர் வீடு இந்த மேட்டின் அடியில் இருக்கிறது.

"நான்தானேம்மா ஒன்ன கணக்கு படிக்கச் சொன்னேன்! மேடு தாங்குமா?"

அந்தப் பொய்யைத் திருத்துவது வீண்.

"தாங்காது ஐயா. இன்னைக்கே வீட்ட காலி பண்ணுங்க."

அவர் மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எதுக்கும் என் மகன் வந்து பாத்துச் சொல்லட்டும்லா. அவன் கிராணி."