நைனாவின் வண்டி கிளம்பாத காரணம்

எங்கள் நைனாவின், அதாவது என் அப்பாவின், மோட்டார் சைக்கிள் வருவது பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள எங்கள் தோணிரேவில் மனிதர்களைவிடப் பூனைகளுக்கு முதலில் தெரிந்துவிடும். ஏரிக்காற்று உப்புக்காற்று. இரும்பு என்று எதைக் கண்டாலும் தின்றுவிடும். சைக்கிள் கம்பி, ஜன்னல் கம்பி, அம்மாவின் இரும்புச் சட்டி எல்லாவற்றுக்கும் ஒரே கதிதான். வண்டியை மட்டும் விடமாட்டேன் என்று நைனா கங்கணம் கட்டிக்கொண்டு, படகுப் பலகைக்குப் பூசுகிற மீன் எண்ணெயை வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் பூசினார். படகும் வண்டியும் ஒன்றா என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"உப்புக்கு இன்னா தெரியும், இது படகு, அது வண்டினு?"

துரு வரவில்லை என்பது உண்மை. ஆனால் சைலன்சர் சூடானதும் எண்ணெய் காய்ந்து கிளம்பும் வாடை இருக்கிறதே, அதற்குத் தெருப் பூனைகள் எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு வரும். நைனா வண்டியைக் கொல்லையில் நிறுத்தினால் ஐந்தாறு பூனைகள் மந்திரியைப் பார்க்க வந்த கூட்டம்போலச் சுற்றி உட்கார்ந்திருக்கும்.

அந்த வண்டி என்னைவிட வயதில் மூத்தது. நைனா அதற்கு மூன்றாவது முதலாளி. கடலுக்குப் போகாத நாட்களில் மீன் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு பொன்னேரி சந்தைக்குப் போய்வருவார். போகும்போதோ வரும்போதோ, பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறை வாசலில் வண்டி கட்டாயம் ஒருமுறை நின்றுவிடும். அந்த வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் உண்டு. வெள்ளைக்காரன் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான் என்பார் நைனா. அங்கேயே உட்கார்ந்து பிளக்கைக் கழற்றி, சட்டையில் துடைத்து, ஊதி, மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். வீட்டில் என்றால் பிளக்குக்கு இன்னும் உபசாரம் அதிகம். உப்புத்தாளில் தேய்த்து, அம்மாவின் ஸ்டவ் தீயில் காட்டுவார். அடுப்பில் குழம்பு இறங்கும்வரை பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

கிளம்பினால் அதன் சத்தம் வேறு எந்த வண்டிக்கும் கிடையாது. நாலைந்து தடவை ஒழுங்காக அடித்துவிட்டு ஒரு அடியை விழுங்கிவிடும். விக்கல் எடுப்பவன் பேசுகிற மாதிரி. மாலையில் சவுக்குத் தோப்புத் திருப்பத்தில் அந்த விக்கல் கேட்டதும் அம்மா கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுக் குழம்பை மறுபடி அடுப்பில் ஏற்றுவாள். நைனாவுக்கு ஆறிய குழம்பு இறங்காது. அவர் வண்டியை நிறுத்தி, பூனைகளை விரட்டி, கைகால் கழுவி வருவதற்குள் குழம்பு கொதித்திருக்கும். அந்தக் கணக்கு ஒரு நாளும் பிசகியதில்லை.

ஒரு ஐப்பசியில் நைனா வேறொருவரின் விசைப்படகில் கூலிக்கு ஆழ்கடல் போனார். வண்டியைக் கொல்லையில் நிறுத்தி, எண்ணெய் பூசி, பழைய வலையால் மூடிவிட்டுப் போனார். படகு திரும்பவில்லை. காற்றில் அடித்துக்கொண்டு போய் அந்தமானில் கரை ஏறியிருப்பார்கள் என்று பெரியவர்கள் என்னிடம் சொன்னார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தமான் என்றால் கும்மிடிப்பூண்டிக்குக் கொஞ்சம் தள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பொட்டை எடுக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்குக் காரியம் எப்படிச் செய்வது என்று கேட்டவர்களைத் தாண்டி நடந்தாள். இறால் கூடையோடு சந்தைக்குப் போனாள், வந்தாள், நூல் நுனியைப் பல்லால் கடித்துக் கடித்து வலை முடிந்தாள். வெள்ளிக்கிழமை வந்தால் மீன் எண்ணெயை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் வண்டிக்குப் பூசினாள். பூனைகள்தான் வரவில்லை. ஓடாத வண்டிக்குச் சூடு ஏது, வாடை ஏது.

தைக்குப் பிறகு பெரியப்பா, அதாவது நைனாவின் அண்ணன், பேச்சை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. தம்பியின் பழைய கிழிந்த வலைகளைப் பக்குவமாக விற்று எங்கள் வீட்டுக்கு அரிசி போட்டவர். வண்டியையும் கொடுத்துவிட்டுக் காரியத்தை முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். எவ்வளவு நாள்தான் சும்மா நிறுத்தி வைப்பது? ஆனால் வண்டி கிளம்பவில்லை. எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. அதைச் சரிபார்க்கச் சொல்லி மாமாவிடம் ஒப்படைத்தார்.

மாமா அம்மாவின் தம்பி. ஏரியில் ஓடும் படகு இன்ஜின்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். நின்றுபோன இன்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தால், பீடி ஒன்று முடிவதற்குள் ஓடவைத்து அனுப்புவார். அப்படிப்பட்ட கைராசிக்காரர் எங்கள் வண்டியிடம் தோற்றுப்போனார். ஞாயிறுதோறும் வருவார். பாட்டிலில் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றுவார். பிளக்கைக் கழற்றித் தேய்ப்பார். பாயிண்டைப் பார்ப்பார். செயினுக்கு எண்ணெய் விடுவார். வேர்க்க வேர்க்க உதைத்துவிட்டு, அம்மா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று போய்விடுவார். இப்படி இரண்டு மாதம். மாமாவின் மீது எனக்கு இருந்த மரியாதை வாராவாரம் இறங்கிக்கொண்டே வந்தது.

நான் துறையில் அவர் இன்ஜின் பார்ப்பதை எத்தனையோ முறை நின்று பார்த்திருக்கிறேன். அங்கே அவர் முதலில் செய்வது ஒன்றுதான். எண்ணெய் வரும் ட்யூபை உருவி, வாயில் வைத்து உறிஞ்சி, துப்புவார். எண்ணெய் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இன்ஜினைத் திட்டுவார். எங்கள் வண்டியில் மட்டும் அவர் அந்த ட்யூபைத் தொட்டதே இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பெரியவர்களுக்கு மறதி அதிகம்.

சித்திரையில் ஒரு ஞாயிறு காலை பெரியப்பா பொன்னேரியிலிருந்து ஒருவரை அழைத்துவந்தார். வண்டி வாங்க வந்த ஆள். அம்மா அவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவில்லை. கொல்லையில் மாமா வழக்கம்போல உதைத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல வண்டி ஊமையாக நின்றது. வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். துரு இல்லாததில் அவருக்கு ஆச்சரியம், வாடையில் அவருக்கு முகச்சுளிப்பு.

"ஓடுனா ஓட்டறதுக்கு எடுப்பேன். ஓடலன்னா இரும்பு வெலதான்" என்றார்.

பெரியப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். எங்கள் ஊரில் கிழிந்த வலையைத்தான் விற்பார்கள், நல்ல வலையை யாரும் விற்க மாட்டார்கள். வண்டியும் அப்படித்தான் என்று என் புத்தி கணக்குப் போட்டது. அது ஓடிவிட்டால் நல்ல வண்டி ஆகிவிடும். நல்ல வண்டியைப் பெரியப்பா எதற்கு விற்கப்போகிறார்? அந்தமானிலிருந்து நைனா வரும்போது அது இங்கே இருக்கும்.

மூவரும் பேச்சை முடிக்க வேப்பமரத்து நிழலுக்கு நகர்ந்தார்கள். சாவி வண்டியிலேயே இருந்தது. நான் பெட்ரோல் வரும் ட்யூபைப் பிடித்து உருவினேன். வாயில் வைத்து உறிஞ்சினேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து நோண்டினேன். நீல நிறத்தில் ஒரு சின்ன உருண்டை வெளியே வந்தது. வலை நூல். இறுக்கிச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, நுனியைப் பல்லால் கடித்துத் துண்டித்த நூல். எங்கள் வீட்டில் அப்படி முடிச்சுப் போட்டுக் கடிப்பவள் யார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு அது புத்தியில் ஏறவே இல்லை. எலியின் வேலை என்று நினைத்துத் தூக்கி எறிந்தேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

ட்யூபை மாட்டி, டேப்பைத் திறந்து, கொஞ்சம் பொறுத்து, கிக்கர்மேல் ஏறிக் குதித்தேன். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை இருமியது. மூன்றாவது குதிக்கு வண்டி கிளம்பியது.

நாலு அடி அடித்தது, ஒன்றை விழுங்கியது. மறுபடி நாலு, மறுபடி ஒரு விக்கல். ஆறு மாதமாகக் கேட்காத சத்தம். சைலன்சர் சூடாகி எண்ணெய் காயும் வாடை எழுந்தது. நைனாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பொன்னேரி வரை போன அத்தனை நாளும் அந்த வாடையில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து ஒரு பூனை இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று.

அம்மாவிடம் சொல்ல வீட்டுக்குள் ஓடினேன். அடுப்படியில் அவள் இல்லை. அடுப்பில் குழம்புச் சட்டி இருந்தது. தெருக்கதவு விரியத் திறந்து கிடந்தது.

அம்மா ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு இல்லை, கையில் கரண்டி. சவுக்குத் தோப்புத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வீட்டின் பின்னால் நின்று சத்தம் போடுகிறது, இவளோ எதிர்ப்பக்கம் பார்க்கிறாள். அம்மாவுக்குத் திசைகூடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அம்மா, அங்க இன்னா பாக்கற? வண்டி இங்கமா!"

அவள் திரும்பவில்லை. என் பின்னால் மாமாவும் பெரியப்பாவும் வந்து நின்றிருந்தார்கள். மாமாதான் முதலில் நகர்ந்தார். கொல்லைக்குப் போய்ச் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு முறை விக்கிவிட்டு நின்றது. அதற்குப் பிறகுதான் அம்மா உள்ளே வந்தாள்.

வண்டி வாங்க வந்தவரிடம் மாமா போய்ச் சொன்னதைக் கேட்டு நான் கொதித்துப்போனேன்.

"சத்தம் கேட்டியா? விட்டு விட்டு அடிக்குது. பிஸ்டன் போய்டுச்சி. பழவேற்காடு தாண்டாது."

பச்சைப் பொய். அந்த விக்கல் வண்டியின் சுபாவம் என்று ஊருக்கே தெரியும். பரவாயில்லை, இரும்பு விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார் வந்தவர். பெரியப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"இரும்புக்கும் இல்ல. விக்கறதா இல்ல, நீ கெளம்பு" என்றார்.

வண்டி தப்பித்தது. ஆனால் ஓடவைத்தவளுக்கு ஒரு பாராட்டு இல்லை. யாரும் என் முதுகைத் தட்டவில்லை. மாமாவுக்கு முடியாததை நான் செய்துவிட்டேன், அதனால் அவருக்குப் பொறாமை என்று முடிவுகட்டி அவரோடு பேசுவதை நிறுத்தினேன். இரண்டு நாள் கழித்து அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க ஆசைப்பட்டு, அம்மா சந்தைக்குப் போன நேரத்தில் வண்டியை உதைத்தேன். கிளம்பவில்லை. ட்யூபை உருவினேன். மறுபடியும் நீல நூல் உருண்டை. இந்த முறை நுனி கடித்திருக்கவில்லை. பீடி நெருப்பில் பொசுக்கியிருந்தது. ஆண்கள் நூலை அப்படித்தான் முடிப்பார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. மாமாதான் இத்தனை நாளும் வண்டியைக் கெடுத்துவைத்திருக்கிறார் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன். அம்மா அந்த உருண்டையை வாங்கி வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு, போய் விளையாடு என்று மட்டும் சொன்னாள்.

வண்டி கொல்லையிலேயே இருந்தது. மாமா ஞாயிறுதோறும் வந்து பிளக்கைத் தேய்த்தார். அம்மா வெள்ளிதோறும் எண்ணெய் பூசினாள். வண்டி கொல்லையில் நின்றால் அது ரோட்டில் வர முடியாது என்பது அறிவுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் பல வருஷங்கள் தேவைப்பட்டன.

வண்டி கிளம்பிய அந்த ஞாயிறு மதியம் அம்மா எனக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டாள். குழம்பில் தீய்ந்த வாடை. சட்டியின் அடி கறுத்துப் பிடித்திருந்தது. வண்டி சத்தம் கேட்டபோது மணி பத்துகூட ஆகியிருக்காது. வீட்டில் யாரும் சாப்பாடு கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவள் யாருக்காகக் குழம்பை அடுப்பில் ஏற்றினாள் என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தீய்ந்த குழம்பு எனக்கு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அம்மா அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.