சந்தனம் வைத்த கண்ணாடி

என் வலது கண் போனதற்குக் காரணம் ஊர்க்கண் என்றுதான் சொந்தக்காரர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். போனது அவர்கள் கண்ணா?

ராஜபாளையத்தில் மலையடிவாரப் பக்கம் எங்கள் வீடு. மாடியில் ஆறு தையல் மெஷின் போட்டு, தளவாய்புரத்துக் கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறோம். துணி வெட்டுவது என் வீட்டுக்காரர். தைப்பது நானும் ஐந்து பெண்களும். அவர்களுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததும் ஒரு காலத்தில் நான்தான். அம்புட்டுக் கூர்மை என் கண்.

மாடியில் குரங்குத் தொல்லை. தைத்த துணியை இழுத்துக்கொண்டு போய்த் தென்னை மட்டையில் தொங்கவிடும். அதை விரட்ட என் கொழுந்தனார் ஆன்லைனில் ஒரு துப்பாக்கி வரவழைத்தார். பார்த்தால் நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். சுடுவது பிளாஸ்டிக் குண்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. கூடவே கண்ணை முழுக்க மூடுகிற ஒரு கண்ணாடியும் ஒரு தாளும் வந்தன. தாளைப் படித்தது நான் ஒருத்திதான். சுடுகிறவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் கண்ணாடி போட வேண்டும். ஆளைப் பார்த்து நீட்டக்கூடாது. குண்டு அடைக்கிற மேகசினைக் கழற்றிய பிறகும் குழாய்க்குள் ஒரு குண்டு நிற்கும். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

“மதினி, இது பொம்மை. இதுக்குப் போயி பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கியளே!” என்று கொழுந்தனார் சிரித்தார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாடியில் நின்றது நான் மட்டும்தான். “ஏட்டி, வெல்டிங் பட்டறைக்கு வேலைக்குப் போறியா?” என்று வீட்டுக்காரரின் கேலி வேறு.

ஆயுத பூஜை வந்தது. கத்தரி, அளவு டேப், பாபின் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். கொழுந்தனார் துப்பாக்கியையும் கொண்டுவந்து வைத்தார். அதுவும் ஆயுதம்தானே! சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்த நான், கண்ணாடியையும் விடவில்லை. இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திப் பெரிய பொட்டாக வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சூடம் காட்டி முடித்த கையோடு, பொரிக்கும் பழத்துக்கும் குரங்குகள் வந்துவிட்டன. கொழுந்தனார் துப்பாக்கியைத் தூக்கினார். நான் கண்ணாடிக்குக் கை நீட்டினேன்.

“ஏட்டி, பூஜையில வச்சதைத் தொடாத. நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்,” என்றார் வீட்டுக்காரர்.

“அப்ப துப்பாக்கி?”

“கொரங்கு நாளை வரைக்கும் பொறுக்குமாக்கும்?”

நானும் கையை இழுத்துக்கொண்டேன்.

நாலைந்து குண்டுக்குக் குரங்குகள் ஓடிவிட்டன. கொழுந்தனார் மேகசினைக் கழற்றினார்.

“தம்பி, உள்ள ஒண்ணு நிக்கும். அங்கிட்டுத் திருப்புங்க,” என்றேன்.

“மேகசினே கையில இருக்கு, பொறவு என்னத்தச் சுடும்? இந்தா பாருங்க!”

என் பக்கம் நீட்டி விசையை இழுத்தார். பார்த்தேன். அந்தக் கண் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் ஓடினோம். அவர் பார்த்த மாத்திரத்தில் மதுரைக்கு அனுப்பினார். அங்கே இரண்டு ஆபரேஷன். இனி வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். “கூடவே கண்ணாடி வந்திருக்குமே, போடலையாம்மா?” என்று கேட்டார் மதுரை டாக்டர். பூஜையில் இருந்தது என்று எந்த வாயால் சொல்வது?

நாத்தனார் பார்க்க வந்தார். “கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாவ. ஒங்க தொழில் மேல ஊர்க்கண்ணு பூரா விழுந்துருச்சு,” என்று சொல்லி, வாசலில் பூசணிக்காய் உடைக்க வைத்தார். எனக்குப் பட்டது நிஜமாகவே கண்ணடி. அடித்தது ஊர்க்காரன் இல்லை. கொழுந்தனார் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோடு வந்து, “எல்லாம் நேரம், மதினி,” என்றார். நேரமாம்! விசையை இழுத்தது நேரமா?

இப்போது நூல் கோக்கப் போனால், அது ஊசிக் காதுக்கு முன்னாலோ பின்னாலோ போகிறது. பக்கத்து மெஷின் பெண்ணிடம் ஊசியை நீட்டுகிறேன். துப்பாக்கியைத் தூக்கி எறியச் சொன்னேன். குரங்குக்கு என்ன செய்வது என்றார்கள்.

இந்த வருஷ ஆயுத பூஜையிலும் அந்தத் துப்பாக்கி கத்தரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இப்போதெல்லாம் நான் மெஷினில் உட்கார்ந்தாலும் அந்தக் கண்ணாடியோடுதான்; அன்றும் கழற்றவில்லை. ஊசி முறிந்து தெறித்தால் மிச்சமிருக்கிற கண்ணும் போய்விடும். சந்தனக் கிண்ணத்தோடு வீட்டுக்காரர் வந்து நின்றார்.

“அதையும் கழட்டித் தா, பொட்டு வைக்கணும்.”

“கழட்ட மாட்டேன். போட்டிருக்கப்பவே வைங்க,” என்றேன். “வலது பக்கம் மட்டும் வைங்க. அங்கிட்டுப் பாக்க ஆளில்ல.”