தோளுக்கு மேல் போகாத கை

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கும் வேலைக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போன டெம்போவிலிருந்து திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தேன். வலது தோள் பிசகிவிட்டது. நாட்டு வைத்தியர் இழுத்துச் சேர்த்து, முட்டையும் உளுந்து மாவும் தடவிய துணியால் கட்டினார். சில வாரங்களில் கட்டை அவிழ்த்தும் விட்டார். என் வீட்டுக்காரர்தான் என் கையை விடவில்லை.

பழைய புடவையைக் கிழித்துக் கழுத்திலிருந்து தூளி மாதிரி மாட்டி, கையை அதற்குள் வைத்துவிட்டார். "நீ சும்மா குந்துமே. எலும்பு கூடணும்" என்பார். சோறு வடிப்பார், எனக்குத் தலை வாரிவிடுவார். கொத்தனார் வேலை பார்க்கிற மனுஷன் பின்னிய சடை எப்படி இருக்கும்? தெருவே சிரித்தது. எனக்கோ கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கிடைக்காத சொகுசு. பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

வலி மட்டும் போகவில்லை. விழுப்புரத்தில் எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இத்தினி மாசம் ஆட்டாம வெச்சிருந்தா மூட்டு இறுகிப்போவாதா? தேய்மானம் வேற இருக்குது. வலிச்சாலும் தெனமும் சுவத்துல விரலை வெச்சு கையை மேல ஏத்துங்க. இல்லன்னா இப்படியே நின்னுடும்."

வீட்டுக்கு வந்து சுவரில் விரலை வைத்தால், தோள் உயரம் வருவதற்குள் உயிர் போகும். நான் "ஐயோ" என்றதும் பக்கத்தில் நிற்கும் அவருக்குக் கண் கலங்கிவிடும். "வுடு வுடு, நாளைக்குப் பாத்துக்கலாம்." அந்தப் பாழாய்ப்போன நாளை வரவே இல்லை. ஒருநாள் மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த மனுஷன் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கம் சாவுக்கு வரும் பெண்கள், பறிகொடுத்தவளைச் சுற்றி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் அழுவார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் ஓடிவந்து என் வலது கையை வெடுக்கென்று தூக்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நான் போட்ட அலறலில் பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "புருஷன் மேல எம்மாம் உசுரு வெச்சிருந்தா பாருங்கடி" என்று ஒருத்தி தேம்பினாள்.

அது தோள் வலி. கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்து, "வுடுங்க, அவளுக்குக் கை வலிக்குது" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார்.